பக்கத்து ஏரியில் பறவைப் படம்: புதிதாக கேமரா தூக்குகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரத்தில் ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கேமராவோடு ஏரிக்கரையில் நிற்கிறவர்கள் இப்போது நிறையப் பேர். புதிதாக வருகிறவர்கள் வாட்ஸ்அப்பில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். தனித்தனியாகப் பதில் தட்டி அலுத்துவிட்டது, அதனால் எல்லாவற்றையும் இங்கேயே எழுதி வைக்கிறேன். என் கட்சி என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நல்ல படம் வேண்டுமென்றால் தூரமாகப் போவதைவிட, வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரே ஏரிக்குத் திரும்பத் திரும்பப் போங்கள். கீழே வரும் பதில்கள் பலவும் அங்கேதான் வந்து நிற்கும்.

எந்த கேமரா வாங்கலாம்? பட்ஜெட் கம்மி.

பறவைதான் குறி என்றால் கேமரா பாடியைவிட லென்ஸ்தான் பணத்தைத் தின்னும். பழைய டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா) பாடி ஒன்று செகண்ட் ஹேண்டில் வாங்கி, மிச்சக் காசை லென்ஸில் போடுங்கள். எல்லோரும் அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்ஸுக்கு மாறிக்கொண்டிருப்பதால் நல்ல டிஎஸ்எல்ஆர்கள் விலை இறங்கிக் கிடைக்கின்றன, இது நமக்கு லாபம். லென்ஸை மாற்றிக்கொண்டு இருக்க முடியாது, ஒரே பொருளாக இருந்தால் போதும் என்பவர்களுக்கு நிக்கான் பி900 போன்ற சூப்பர்ஜூம் கேமராக்கள் உண்டு. அதில் 2000 எம்எம்முக்குச் சமமான ஜூம் இருக்கிறது (எம்எம் கூடக் கூடத் தூரத்துப் பறவை பெரிதாகத் தெரியும்). வெளிச்சம் நன்றாக இருந்து, உட்கார்ந்திருக்கும் பறவை என்றால் அசத்தும். பறக்கும் பறவையைப் பிடிக்கத் திணறும், சென்சார் (படம் பதியும் பகுதி) சின்னது என்பதால் மங்கிய வெளிச்சத்தில் படம் பொரிப்பொரியாக வரும்.

சென்னையில் வாழ்ந்த இயற்கை எழுத்தாளர், காட்டுயிர்ப் புகைப்படக்காரர் மா. கிருஷ்ணன் (1912–1996) தனக்குத் தேவையான கேமராவைப் பல பாகங்களைக் கோத்துத் தானே உருவாக்கிக்கொண்டு, கறுப்பு வெள்ளையில் காட்டுயானைகளை எடுத்தவர். 1970-இல் பத்மஸ்ரீ வாங்கினார். உங்கள் கையில் இருப்பது எதுவானாலும் அதைவிட வசதியானதுதான்.

மொபைலில் எடுக்க முடியாதா?

பறவையை, முடியாது. பூச்சி, சிலந்தி, பூ, ஓணான், ஏரியின் முழுத் தோற்றம் இதெல்லாம் தாராளமாக எடுக்கலாம். மொபைலில் மாட்டுகிற, சின்னப் பொருளைப் பெரிதாகக் காட்டும் மேக்ரோ லென்ஸ் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, அதை வைத்துக்கொண்டு மொட்டைமாடித் தொட்டியிலேயே ஆரம்பிக்கலாம்.

லென்ஸ் எவ்வளவு நீளம் வேண்டும்?

குறைந்தது 300 எம்எம். கிராப் சென்சார் (முழு ஃபிரேமைவிடச் சின்ன சென்சார்) கேமராவில் அது நிக்கான், சோனியில் 450 போலவும், கேனனில் 480 போலவும் தெரியும். 150-600, 200-500 வகை ஜூம்கள் அமெச்சூர்கள் கையில் அதிகம் இருப்பவை. ஆனால் நிக்கான் 200-500 மட்டுமே ஏறத்தாழ 2.3 கிலோ, பாடியோடு சேர்த்தால் மூன்று கிலோவைத் தாண்டும். இரண்டு மணி நேரம் கையில் பிடித்து நடக்க முடியுமா என்று கடையில் தூக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கனத்துக்குப் பயந்து அலமாரியில் தூங்கும் 600-ஐவிட, தினமும் வெளியே வரும் 300 மேல்.

எங்கே போகலாம்?

எல்லோரும் வேடந்தாங்கலில் ஆரம்பிக்கிறார்கள், அதில் தப்பில்லை. சென்னையிலிருந்து 75 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. நீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் மஞ்சள்மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், பாம்புத்தாரா, நீர்க்காகம், வக்கா எல்லாம் அடுக்கடுக்காகக் கூடு கட்டும். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதைத் தெரிந்து ஊர்க்காரர்களே காத்த இடம் அது. பறவைகளைச் சுட வந்தவர்களைத் தடுக்கச் சொல்லி 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே அவர்கள் வெள்ளைக்காரக் கலெக்டரிடம் போய் உத்தரவு வாங்கியிருக்கிறார்கள். ஆனால் படம் எடுக்க அது அவ்வளவு சுலபமான இடமில்லை. நீங்கள் கரையில், பறவை தூரத்து மரத்தில், நடுவில் தண்ணீர். 400 எம்எம்முக்குக் கீழே வைத்துக்கொண்டு போனால் மரம்தான் கிடைக்கும். சனி, ஞாயிறு கூட்டமும் இரைச்சலும் வேறு. அங்கே போனால் பக்கத்திலேயே இருக்கும் கரிக்கிலியையும் எட்டிப் பாருங்கள், கூட்டமில்லை, வாத்துகளும் கரைப் பறவைகளும் வரும்.

பள்ளிக்கரணை சதுப்புநிலம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. ஒரு பக்கம் குப்பைமேடு, ஒரு பக்கம் ஐடி கட்டடங்கள், நடுவில் பூநாரைகள் நிற்கும், நம்பித்தான் ஆகவேண்டும். நீலத் தாழைக்கோழி, நாமக்கோழி, நீளவால் இலைக்கோழி எல்லாம் உண்டு. பள்ளிக்கரணை, கரிக்கிலி, வேடந்தாங்கல் மூன்றும் 2022-இல் ராம்சர் பட்டியலில் (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்தன. பள்ளிக்கரணையில் ஒரே எச்சரிக்கை: சதுப்புநிலத்தைக் குறுக்கே வெட்டிப் போகும் ரேடியல் ரோட்டில் வண்டியை ஓரம் கட்டிப் படம் எடுக்காதீர்கள், பின்னால் வருகிற லாரிக்கு உங்கள் பூநாரை முக்கியமில்லை.

பெரும்பாக்கம், சிறுதாவூர், கேளம்பாக்கம் உப்பங்கழி, கோவளம் முகத்துவாரம், வடக்கே பழவேற்காடு என்று பட்டியல் நீளும். இருந்தாலும் நான் சொல்வது இதுதான்: உங்கள் வீட்டிலிருந்து பத்து, பதினைந்து நிமிடத்தில் போகக்கூடிய பெயரில்லாத ஏரியோ குளமோ ஒன்றைப் பிடியுங்கள். எந்தக் கம்பத்தில் மீன்கொத்தி உட்காரும், எந்த மூலையில் தாமரை இலை மீது இலைக்கோழி நடக்கும், எந்த மின்கம்பியில் பனங்காடை காலையில் வெயில் காயும் என்பது ஒரு சீசன் தொடர்ந்து போனால் மனப்பாடம் ஆகிவிடும். அது தெரிந்தவருக்கு 300 எம்எம்மில் கிடைக்கும் படம், அங்கே முதல் தடவை வருகிறவருக்கு 600-இலும் கிடைக்காது.

எந்த மாதம் நல்லது?

வலசைப் பறவைகள் அக்டோபர், நவம்பரில் வரத் தொடங்கி மார்ச், ஏப்ரலில் கிளம்பிவிடும். ஆனால் காலண்டரைவிடத் தண்ணீர் மட்டத்தைப் பார்ப்பதுதான் முக்கியம். டிசம்பர் மழையில் ஏரி தளும்பும்போது வாத்துகள் நடு ஏரிக்குப் போய்விடும், எடுத்தால் புள்ளிதான். ஜனவரி கடைசியிலிருந்து தண்ணீர் வற்ற வற்ற சேறு வெளியே தெரியும், மீன்கள் குட்டைகளில் ஒதுங்கும், உள்ளான்களும் கொக்குகளும் நாரைகளும் கரையோரம் கூடும். அதுதான் நம் நேரம். வேடந்தாங்கலுக்கு இந்தக் கணக்கு தலைகீழ். அங்கே மரத்தைச் சுற்றித் தண்ணீர் நின்றால்தான் கூட்டுக்குப் பாதுகாப்பு. மழை பொய்த்து ஏரி நிரம்பாத வருடம் பறவைகள் கூடு கட்டாமலே போய்விடும். கிளம்பும் முன் அந்த வருட மழையைப் பற்றி விசாரித்துக்கொள்ளுங்கள்.

எத்தனை மணிக்குப் போகவேண்டும்?

விடியும்போது அங்கே இருக்கவேண்டும். ஜனவரியில் சென்னையில் சூரியன் ஆறரை மணிவாக்கில்தான் வரும், எனவே அது ஒன்றும் பெரிய தியாகமில்லை. நம் பக்கத்தில் நிலம் கிழக்கே கடலை நோக்கிச் சரிவதால் நிறைய ஏரிகளில் கரை கிழக்குப் பக்கம்தான் இருக்கும். காலையில் அந்தக் கரைமேல் நின்றால் வெயில் உங்கள் முதுகில், பறவையின் முகத்தில். மாலையில் அதே இடத்தில் நின்றால் எல்லாம் நிழலுருவமாக வரும், அது வேண்டுமென்றால் மாலையிலும் போகலாம்.

ஷட்டர், ஐஎஸ்ஓ எல்லாம் என்ன வைப்பது?

ஷட்டர் வேகம் பறக்கும் பறவைக்கு 1/2000 நொடி, நடக்கிற, நீந்துகிற பறவைக்கு 1/800, அசையாமல் நிற்கும் மடையானுக்கு (குளத்துக் கொக்கு) 1/250 கூடப் போதும். அபர்ச்சரை (லென்ஸில் வெளிச்சம் நுழையும் துவாரம்) லென்ஸ் திறக்கும் அளவுக்குத் திறந்துவிட்டு ஐஎஸ்ஓவை (வெளிச்சத்துக்கு கேமரா காட்டும் உணர்திறன்) ஆட்டோவில் போடுங்கள். ஃபோகஸை, அசையும் பறவையை விடாமல் பின்தொடரும் தொடர் ஃபோகஸில் வையுங்கள், ஃபோகஸ் புள்ளி கண்ணில் விழவேண்டும். ஐஎஸ்ஓ 3200 போனால் பயப்பட வேண்டாம், கொஞ்சம் பொரி இருக்கும் படத்தைச் சரிசெய்யலாம், அசைந்த படத்தை ஒன்றும் செய்ய முடியாது. பின்னால் திருத்த நிறைய இடம் தரும் ரா (RAW) கோப்பாக எடுங்கள்.

கொக்கு எடுத்தால் வெள்ளைக் காகிதம் மாதிரி வருகிறது, இறகே தெரியவில்லை.

கேமரா படம் முழுவதையும் சராசரியாகப் பார்க்கிறது. பின்னால் இருட்டான தண்ணீரோ புதரோ இருந்தால் ‘ரொம்ப இருட்டு’ என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், கொக்கு வெளுத்துப்போகும். கேமரா முடிவு செய்த வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை ஒன்றிலிருந்து ஒன்றரை ஸ்டாப் வரை குறையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). நீர்க்காகம் பிரகாசமான வானத்துக்கு முன்னால் பறந்தால் இதற்கு நேர் எதிர், ஒன்று கூட்டவேண்டும். திரையில் ஹிஸ்டோகிராம் (இருட்டு இடது, வெளிச்சம் வலது என்று காட்டும் வரைபடம்) வலது ஓரத்தில் முட்டி நிற்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள், ஒவ்வொரு படத்துக்கும் பார்த்துக்கொண்டிருந்தால் பறவை போய்விடும்.

விலையுயர்ந்த லென்ஸ்தான், ஆனாலும் படம் ஷார்ப்பாக இல்லை. சர்வீஸுக்குக் கொடுக்கவா?

எத்தனை மணிக்கு எடுத்தீர்கள்? ஒன்பது, ஒன்பதரைக்கு மேல் உப்பளத்திலும் சேற்றுநிலத்திலும் கானல் எழும்பிவிடும். தரையை ஒட்டிய சூடான காற்று ஆடுவதால் தூரத்துப் பறவையின் ஓரமெல்லாம் குழைந்து தெரியும். இதற்கு எந்த லென்ஸும் மருந்தில்லை, தூரத்தைக் குறைப்பது ஒன்றுதான் வழி. காரின் பானெட் மேல் லென்ஸை வைத்து எடுத்தாலும் இதே கதைதான், எஞ்சின் சூடு போதும் படத்தைக் கெடுக்க. விடியற்காலையில் எடுத்தும் இப்படி இருந்தால் அப்புறம் சர்வீஸைப் பற்றி யோசிக்கலாம்.

கிட்டே போனாலே பறந்துவிடுகிறது. எப்படி நெருங்குவது?

நெருங்காதீர்கள், அது உங்களிடம் வரும்படி பாருங்கள். இதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை, ஆனால் உண்மை. பஞ்சுருட்டான் ஒரு கிளையிலிருந்து கிளம்பி, காற்றிலேயே தும்பியையோ தேனீயையோ பிடித்து, திரும்ப அதே கிளைக்கு வந்து, கிளையில் அடித்து, தேனீ என்றால் கொடுக்கையும் நீக்கிவிட்டுத்தான் விழுங்கும். அது பறந்துபோன நேரத்தில் நீங்கள் வாகான இடத்தில் உட்கார்ந்துவிட்டால் போதும், திரும்பி வரும். வெண்மார்பு மீன்கொத்தி, பனங்காடை, கரிச்சான் எல்லாவற்றுக்கும் இப்படிப் பழகிய இருக்கை உண்டு. கருப்பு வெள்ளை மீன்கொத்தி தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் இறக்கையடித்து அந்தரத்தில் நிற்கும், அதன் பிறகு விழும். அந்த சில நொடிகளில் ஃபோகஸைப் பிடித்துக்கொள்ள அதுவே நேரம் தருகிறது.

நடந்தே தீரவேண்டும் என்றால் நேராகப் போகாமல் சாய்வாக, நின்று நின்று போங்கள். பறவை சாப்பிடுவதை நிறுத்திவிட்டுத் தலையை உயர்த்திப் பார்த்தால் நின்றுவிடுங்கள். எச்சம் போட்டுவிட்டு உடம்பை ஒடுக்கினால் அடுத்த நொடி பறக்கப்போகிறது என்று பொருள். பைக்கையும் காரையும் பறவைகள் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை, கிராமச் சாலையில் காருக்குள் உட்கார்ந்தபடியே கம்பியில் இருக்கும் கருந்தோள் பருந்தை எடுத்துவிடலாம். இறங்கிக் கதவைச் சாத்தினால் போயிற்று.

இன்னொன்று, உட்காருங்கள், முடிந்தால் படுத்துவிடுங்கள். பறவையின் கண்மட்டத்துக்குக் கேமரா இறங்கினால் பின்னணி தூரமாகப் போய் மங்கிவிடும். நின்றபடி மேலிருந்து கீழே எடுத்த உள்ளான் படத்தில் சேறுதான் ஹீரோ. சட்டை அழுக்காகும், பழைய சட்டையோடு வாருங்கள்.

கூட்டில் குஞ்சுகளுக்கு ஊட்டும் படம் எடுக்க ஆசை.

வேடந்தாங்கல் போன்ற இடத்தில் கரையில் நின்று தூரத்திலிருந்து எடுங்கள், அந்தப் பறவைகள் அந்தத் தூரத்துக்குப் பழகியவை. புதரிலும் தரையிலும் இருக்கும் தனிக்கூடு என்றால் வேண்டாம். தையல்சிட்டின் கூட்டை மறைக்கும் இலையை ‘வியூ’ கிடைக்கவில்லை என்று ஒதுக்கிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த இலை மறைத்தது நம்மிடமிருந்து மட்டுமில்லை, காக்கையிடமிருந்தும் செம்போத்திடமிருந்தும் வெயிலிடமிருந்தும்தான். நாம் நின்றுவிட்டுப் போன இடத்தைக் காக்கை கவனிக்கும் என்பதை யாரும் நினைப்பதில்லை.

தரையில் முட்டையிடுபவை இன்னும் பாவம். சிவப்புமூக்கு ஆள்காட்டி, பவளக்கால் உள்ளான் இரண்டும் திறந்த வெளியில் முட்டையிடும், முட்டை கூழாங்கல் நிறத்தில் இருக்கும், மிதித்தாலும் தெரியாது. கோடையில் ஆள்காட்டி போய் வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து முட்டையைக் குளிர்விக்கும். நீங்கள் பக்கத்தில் ட்ரைபாட் போட்டு அரைமணி நேரம் நின்றால் அது உட்கார முடியாது, வெயிலில் முட்டைக்குள்ளேயே குஞ்சு செத்துவிடும். ஆள்காட்டி தலைக்கு மேலே கத்திக்கொண்டு சுற்றினால் உடனே வந்த வழியே திரும்புங்கள், காலடியைப் பார்த்து.

சட்டமும் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே பறவைகளின் முட்டையையும் கூட்டையும் தொந்தரவு செய்வது அடங்கும். துப்பாக்கி எடுத்தால்தான் வேட்டை என்று நினைக்கவேண்டாம்.

ப்ளூடூத் ஸ்பீக்கரில் குரல் போட்டால் வருமாமே?

வரும். தன் இடத்துக்குள் வேறொருவன் வந்துவிட்டான் என்று சண்டைக்கு வரும். இனப்பெருக்க காலத்தில் இரை தேடுவதையும் கூட்டையும் விட்டுவிட்டு இல்லாத எதிரியோடு மல்லுக்கு நிற்கும். செய்யாதீர்கள். புழு வைத்து வரவழைப்பது, படுத்திருக்கும் பறவையைக் கல்லெறிந்து பறக்கவைப்பது, ஆந்தை முகத்தில் டார்ச் அடிப்பது எல்லாம் இதே கணக்கில் வரும்.

எடுத்த இடத்தைப் போஸ்டில் போடலாமா?

ஏரிப் பறவைகளுக்குப் போடலாம். ஆந்தை, தேவாங்கு, கூடு, அரிதாக வந்த ஏதாவது ஒன்று என்றால் மாவட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இடம் வெளியே தெரிந்த ஆந்தை மரத்தடியில் அடுத்த வாரமே வரிசையில் நிற்பார்கள். மொபைல் படத்தில் இருக்கும் ஜிபிஎஸ் தகவலையும் அணைத்து வையுங்கள். பார்த்த உயிரினங்களைப் பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட், இபேர்ட் போன்ற தளங்களே ஆபத்தில் இருக்கும் சில உயிரினங்களின் சரியான இடத்தை மறைத்துத்தான் காட்டுகின்றன. மேலே நான் கொடுத்த இடப் பட்டியலிலும் ஆந்தை இருக்கும் இடம் எதுவும் இல்லை, வேண்டுமென்றேதான்.

பறவை பெயர் எதுவும் தெரியாது. பரவாயில்லையா?

ஆரம்பத்தில் பரவாயில்லை. மெர்லின் என்ற இலவச ஆப்பில் படத்தைப் போட்டால் பெரும்பாலும் சரியாகச் சொல்லும், உள்ளான்களிலும் பருந்துகளிலும் சில சமயம் சறுக்கும். பொங்கல் விடுமுறையை ஒட்டித் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், அதில் சேர்ந்துகொண்டால் கூடவரும் பெரியவர்களிடம் ஒரே காலையில் நிறையக் கற்றுக்கொள்ளலாம். சென்னையில் மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி என்ற இயற்கை ஆர்வலர் சங்கம் 1978 முதல் இயங்கி வருகிறது.

மே மாதம் ஏரியே காய்ந்துவிட்டது. கேமராவை மூட்டை கட்டவா?

கீழே குனியுங்கள். காலி மனையில் எருக்கஞ்செடி இருக்கும், அதில் வெந்தய வரியன் பட்டாம்பூச்சி முட்டையிடும். எருக்கின் நஞ்சைப் புழு தின்று உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்வதால் பறவைகள் அதைச் சீண்டுவதில்லை, அந்தத் தைரியத்தில் அது மெதுவாகத்தான் பறக்கும். பட்டாம்பூச்சி எடுத்துப் பழக அதைவிட நல்ல ஆள் கிடையாது. வீட்டில் கறிவேப்பிலையோ எலுமிச்சையோ இருந்தால் அழகி வகைப் பட்டாம்பூச்சிகள் தேடி வரும், பறவை எச்சம் மாதிரி தோற்றமளிக்கும் இளம்புழுவிலிருந்து கூட்டுப்புழு வரை மொத்தத் தொடரையும் படியிறங்காமலே எடுக்கலாம்.

தட்டான்களும் பஞ்சுருட்டான் மாதிரியே ஒரே குச்சிக்குத் திரும்பி வருபவை. உச்சி வெயிலில் சில தட்டான்கள் வாலை நேராக வானத்துக்குத் தூக்கி, தலைகீழாக நிற்பதுபோல் இருக்கும். உடம்பில் வெயில் படும் பரப்பைக் குறைக்க அப்படி. மற்றவர்கள் நிழலுக்கு ஓடும் நேரத்தில் உங்களுக்கு இப்படி ஒரு படம் கிடைக்கும், தொப்பி மட்டும் மறக்காதீர்கள். பூச்சிக்கு அபர்ச்சர் எஃப்/8, எஃப்/11 என்று கொஞ்சம் மூடவேண்டும், இல்லையென்றால் கண் தெளிவாக இருந்து இறக்கை கரைந்துபோகும். எண்பது சதவீதத் தோல்விக்குக் காற்றுதான் காரணம் என்று சொல்லத் தோன்றும், எனவே விடிகாலையில் போங்கள்.

அனுமதி வாங்கவேண்டுமா? யாராவது நிறுத்திக் கேட்டால்?

சரணாலயங்களில் நுழைவுச்சீட்டோடு கேமராவுக்குத் தனிக் கட்டணம் இருக்கும், கட்டிவிட்டு ரசீதைப் பையில் வையுங்கள். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. ட்ரோன் வேண்டவே வேண்டாம், பறவைக்கு அது பெரிய பருந்து. விமான நிலையம், ராணுவ இடம், கல்பாக்கம் பக்கமெல்லாம் நீள லென்ஸைத் திருப்பி வம்பை விலைக்கு வாங்காதீர்கள்.

கிராமத்து ஏரியில் ஆடு மேய்க்கிறவரோ மீன் பிடிக்கிறவரோ கேட்டால், “பறவை படம் எடுக்க வந்தேங்கய்யா” என்று நின்று பதில் சொல்லுங்கள், எடுத்ததைத் திரையில் காட்டுங்கள். நிலம் அளக்க வந்த ஆளோ என்ற சந்தேகம் அவர்களுக்கு இருக்கும், அது நியாயம்தான். பேச ஆரம்பித்தால் எந்த மதகுப் பக்கம் நாரை இறங்கும் என்பதை அவர்களே சொல்வார்கள். ஆட்களைப் படம் எடுக்கும் முன் கேளுங்கள். தனியாக, குறிப்பாகப் பெண்கள், முதல் சில தடவை யாரையாவது கூட்டிக்கொண்டு போவது நல்லது, தெருநாய்க் கூட்டத்துக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

லென்ஸுக்குள் வெள்ளை நூல் மாதிரி தெரிகிறது.

பூஞ்சை. கடலோர ஈரக்காற்றில் இது சகஜம். பையிலேயே மாதக்கணக்கில் பூட்டி வைத்தால் கட்டாயம் வரும். காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர், இது போதும், 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். சிலிக்கா ஜெல் நிறம் மாறினால் வறுத்துத் திரும்பப் போடலாம். ஏற்கெனவே வந்துவிட்ட லென்ஸை மற்றவற்றோடு சேர்த்து வைக்காமல் சீக்கிரம் சர்வீஸுக்கு அனுப்புங்கள். ஏசி அறையிலிருந்து நேராக வெளியே எடுத்தால் கண்ணாடி பனிபடும், கிளம்புவதற்கு அரைமணி முன்பே பையை மூடியபடி வெளியே வைத்துவிடுங்கள்.

எவ்வளவு எடிட் பண்ணலாம்?

வெட்டுவது, வெளிச்சம், நிறம், பொரி நீக்குவது எல்லாம் சரி. இல்லாத மீனைக் கொக்கு வாயில் வைத்தால் அது வேறு தொழில்.

புலி, யானை எல்லாம் எப்போது எடுப்பது?

முதுமலைக்கும் டாப்சிலிப்புக்கும் தாராளமாகப் போய்வாருங்கள். அங்கே வனத்துறை வண்டியில் பத்துப் பேரோடு குலுங்கிக்கொண்டு, ஓட்டுநர் நிறுத்தும் சில நொடிகளில் ஃபோகஸ், ஷட்டர், எக்ஸ்போஷர் எல்லாம் தானாகக் கைக்கு வரவேண்டும். அந்தப் பழக்கம் வருவது உங்கள் தெருமுனைக் குளத்து மடையானிடம்தான். அது எவ்வளவு நேரமானாலும் நிற்கும், டிக்கெட்டும் கிடையாது.